வாலைக் கொடுத்த உலகி

பாம்புகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலையில் மழை முதலில் இறங்குகிற சரிவில், உலகி என்று ஒரு ராஜநாகம் இருந்தாள். அவளுடைய புருஷன் பெயர் மாத்தன். இரண்டு பேரும் ஒரு மூங்கில் தூருக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள்.

ராஜநாகம் என்றவுடன் ஆள் உயரத்துக்கு எழும்பிப் படம் விரித்து நிற்பதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதெல்லாம் எப்போதாவது ஒரு நாள் நடப்பது. மற்ற நாளெல்லாம் அதற்கும் பசி, தூக்கம், பிள்ளைகுட்டி, அலுப்பு எல்லாம் உண்டு. அலுப்பு கொஞ்சம் கூடவே உண்டு. இந்தக் கதையே அந்த அலுப்பிலிருந்து வந்ததுதான். அவசரப்படாமல் கேளுங்கள், நானும் அவசரப்படாமல்தான் சொல்லப்போகிறேன்.

பாம்பில் தலையை விட்டால் மிச்சமெல்லாம் வால்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. வயிறு முடிகிற இடம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் மெலிந்துகொண்டே போவதுதான் வால். அந்தக் காலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வால் ஒரே அளவு. இரண்டும் பக்கத்தில் படுத்துக் கிடந்தால் எது ஆண், எது பெண் என்று பெற்றவளுக்கே குழப்பம் வந்துவிடும்.

ராஜநாகங்களுக்குள் அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு வால்மாற்று என்று பெயர். பெண் முட்டையிட்டுச் சருகுக் கூட்டில் காவல் உட்காருவாள். ஆண் இரைக்குப் போவான். உட்கார்ந்திருக்கிறவளுக்கு வால் எதற்கு? போகிறவனுக்குத்தான் மரம் ஏற வேண்டும், ஆறு நீந்த வேண்டும், பாறை தாண்ட வேண்டும். அதனால் சட்டை கழலுகிற சமயம் பார்த்து, வால் இளகி நிற்கும்போது, பெண் தன் வாலில் பாதியைக் கழற்றி ஆணுக்குக் கொடுப்பாள். அவன் அதைத் தன் வாலோடு ஒட்டிக்கொண்டு போவான். வயிறு நிறையத் தின்றுவிட்டு, அடுத்த சட்டை கழலுவதற்குள் திரும்பி வருவான். பிறகு அவன் கூட்டில் உட்காருவான். வாங்கினதோடு தன் வாலிலும் பாதியைச் சேர்த்துக் கொடுப்பான். அவள் இரைக்குப் போவாள். அடுத்த சட்டைக்கும் திருப்பிக் கொடுக்காவிட்டால் வால் இருக்கிற இடத்திலேயே இறுகிவிடும். அதன் பிறகு யார் இழுத்தாலும் வராது.

இந்த மாற்றை விளையாட்டுக்காக வைத்துக்கொள்ளவில்லை. ராஜநாகத்துக்குச் சாப்பாடு என்றால் அது இன்னொரு பாம்புதான். எலியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முட்டை திறந்து வெளியே வருவதும் பாம்புதானே? அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பட்டினியாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அதனால்தான் முட்டை திறக்கும்போது கூட்டருகில் இருப்பவர் வயிறு நிறைந்து இருக்க வேண்டும் என்று கறாராக வைத்திருந்தார்கள்.

கூட்டருகில் ஒருத்தர் இருந்தே ஆகவும் வேண்டும். அந்தக் காலத்தில் குஞ்சுக்கு விஷம் கிடையாது. குஞ்சு முதல் சட்டை கழற்றிய பிறகு, பெற்றவர்கள்தான் பாலாடையில் பால் புகட்டுகிற மாதிரி அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விஷத்தை விடுவார்கள். அதுவரைக்கும் அது உடும்புக்கும் கீரிக்கும் ஒரு வாய் இரைதான்.

இப்போது உலகியிடம் வருவோம்.

அந்த வருஷம் கோடையில் உலகி முட்டையிட்டாள். நல்ல சூல். சருகுக்குள் வெள்ளை வெள்ளையாக, தோல் மாதிரி மெத்தென்ற ஓட்டோடு, பார்க்கவே வயிறு குளிர்கிற மாதிரி முட்டைகள். சூல் கண்டதிலிருந்தே அவள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. இட்டு முடித்ததும் இடுப்பே கழன்றுவிட்ட மாதிரி சுருண்டு கிடந்தாள். சட்டை கழலுகிற சமயம் வந்தது. மாத்தன் வந்து பக்கத்தில் நின்றான்.

வழக்கப்படி பாதி வால்தான் கொடுக்க வேண்டும். உலகி பாதிக்கு மேலேயே கழற்றிக் கொடுத்தாள். கூடக் கொஞ்சம் இருந்தால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வருவானே என்று ஒரு நினைப்பு. பசித்தவள் நினைப்பு வேறு எப்படி இருக்கும்?

"பாத்துப் போயிட்டு வாரும்," என்றாள். "அடுத்த சட்டைக்குள்ள வந்துரும். இல்லேன்னா வால் ஒட்டிக்கிடும். தெரியும்லா?"

"ஏட்டி, நான் என்னமோ இன்னைக்குத்தான் பொறந்தவன் மாதிரி சொல்லுதியே. போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. நீ சட்டை கழட்ட மூக்கை உரசும்போது எதுத்தாப்புல நிப்பேன்."

"சாப்பிட்டுட்டு நேரா வாரும். வழியில எங்கயும் நிக்காதேயும்."

"சரி, சரி."

சரி சரி என்று சொன்னானே ஒழிய, அவன் அப்போதே தன் வாலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நீளத்தை அவன் அதுவரை கண்டதில்லை. மூங்கில் இலைமேல் அந்த வால் போய்க்கொண்டே இருந்தது. தலை புதருக்குள் மறைந்து வெகுநேரம் கழித்துத்தான் நுனி மறைந்தது. உலகி அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மூங்கில் தூருக்கு மேலே ஒரு பெரிய அகில் மரம். அதன் பொந்தில் ஒரு இருவாச்சிப் பறவை குடியிருந்தாள். இருவாச்சிப் பெண்களின் வழக்கம் தெரிந்திருக்கும். முட்டையிடும்போது பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலைச் சேறும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துக்கொள்வார்கள். அலகை நீட்டுகிற அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். புருஷன் வெளியேயிருந்து பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டுவான். உலகி அவளை அண்ணி முறையில் மைனி என்று கூப்பிடுவாள். மேலே ஒருத்தி அடைந்து கிடந்தாள், கீழே ஒருத்தி சுருண்டு கிடந்தாள். பேச்சுக்குக் குறைவில்லை.

"ஏளா உலகி, இன்னும் வரலியாக்கும்?" என்பாள் இருவாச்சி, ஓட்டை வழியாக.

"வந்துருவாவ மைனி."

"இங்க பாரு, எங்க வீட்டுக்காரவிய விடிஞ்சா ஒரு தடவை, வெயில் ஏறினா ஒரு தடவை, அத்திப்பழத்தைக் கொண்டாந்து கொண்டாந்து தள்ளுதாவ. மூக்கை நீட்டி நீட்டி எனக்குக் கழுத்தே சுளுக்கிப் போச்சு. திங்கதுலயும் ஒரு அலுப்பு இருக்குளா."

"உங்களுக்குத் திங்கதுல அலுப்பு. எனக்குத் திங்காததுல."

இருவாச்சி கெக்கெக்கே என்று சிரித்தாள். உலகிக்கும் சிரிப்பு வந்தது. ஆரம்பத்தில் சிரிப்பெல்லாம் வரத்தான் செய்தது.

நாள் போகப் போக வெயில் கடுமையாயிற்று. உலகி சருகு மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மேலே காய்ந்தால் கலைத்துவிட்டாள், சரிந்தால் ஒதுக்கிவிட்டாள். முன்னெல்லாம் இந்த வேலையை வாலால் ஒரு சுழற்றுச் சுழற்றி முடித்துவிடலாம். இப்போது அந்த வால் இல்லை. அதனால் உடம்பையே வளைத்து, சருகை அணைத்து, இழுத்து இழுத்துக் கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வளைப்புக்கும் மூச்சு வாங்கியது. செய்து முடித்தால் காற்று வந்து மறுபடி கலைத்துவிட்டுப் போகும். மறுபடி இழுக்க வேண்டும்.

அப்படி ஒரு நாள் இழுத்துக்கொண்டிருந்தபோது இருவாச்சியின் புருஷன் கிளையில் வந்து உட்கார்ந்தான். ஊட்டி முடித்துவிட்டு அலகைக் கிளையில் துடைத்தான். கீழே பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவனைப் போலத் தொண்டையைச் செருமினான்.

"என்னண்ணே? சொல்லுங்க," என்றாள் உலகி.

"உம் மாப்பிள்ளையைப் பாத்தேன் தாயி. ஆத்துப் பாறைக்கிட்ட."

"சாப்பிட்டாவளா?"

அவன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "சாப்பிட்டவன் அந்தக் கூத்து ஆடுவானா?" என்றான். "அங்கன இன்னொருத்தன் வந்திருக்கான், அவனும் பொஞ்சாதிகிட்ட வால் வாங்கிட்டு வந்தவன்தான். யார் வால் நீளம்னு அளந்து பாத்தாங்களாம். பொறவு யாரு யாரைக் கீழ சாய்க்கதுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தனை ஒருத்தன் சுத்திக்கிட்டு எழும்புதாங்க, தலையைப் புடிச்சு அமுக்குதாங்க, விழுதாங்க, மறுபடி எழும்புதாங்க. கடிக்கவும் மாட்டேங்காங்க, விடவும் மாட்டேங்காங்க. கீழ்ச்சரிவுல நல்லபாம்பு வீட்லயும் விரியன் வீட்லயும் இதே கூத்துதான் தாயி. வாலு கூடுனதும் எல்லாவனுக்கும் கிறுக்குப் புடிச்சுட்டு."

"என்னையப் பத்திச் சொன்னியளா?"

"சொன்னேனே. உலகி காத்துக் கெடக்காப்பான்னேன். இதோ வந்துட்டேன்னு சொல்லும்னான். தலையை நிமித்திச் சொல்லுததுக்குள்ள மத்தவன் அமுக்கிட்டான். அந்தக் கோவத்துல மறுபடி ஆரம்பிச்சுட்டான்."

உலகி பாதி இழுத்த சருகை மிச்சமும் இழுத்துப் போட்டாள்.

"கேட்டியா?" என்றாள் இருவாச்சி உள்ளிருந்து. "நான் அப்பவே நெனச்சேன். ஆம்பளைக்கு வாலைக் குடுத்தது உன் தப்புளா. என்னய மாதிரி உள்ள உக்காந்து கதவைப் பூசிக்கிடணும். அப்பதான் அவனுக்கு ஒரு சோலி இருக்கும்."

"எனக்குக் கதவு இல்லையே மைனி."

இருவாச்சி புருஷனைப் பார்த்து, "சும்மா நிக்காம போயி இன்னும் ரெண்டு பழம் கொண்டாரும்," என்று மட்டும் சொன்னாள்.

வானம் கறுக்கத் தொடங்கியது. இருவாச்சிக் குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டது. ஒரு காலையில் தாய் பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, மடங்கிக் கிடந்த சிறகை உதறி உதறி நீட்டினாள். பறப்பதற்கு முன்னால் தாழ்ந்த கிளைக்கு வந்து உட்கார்ந்தாள். அத்தனை நாள் குரலாகவே இருந்தவளை உலகி முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"போறேன்ளா. மழை வந்துட்டுன்னா குஞ்சை வச்சுக்கிட்டுப் பறக்க முடியாது."

"போயிட்டு வாங்க மைனி."

"உன்னைய ஒத்தையில விட்டுட்டுப் போவ எனக்கு மனசே இல்ல."

"எனக்கும்தான் மனசு இல்ல. அதுக்காக நீங்க இருக்க முடியுமா?"

இருவாச்சி போய்விட்டாள். அவளுடைய சிறகுச் சத்தம் வெகுதூரம் வரைக்கும் கேட்டது. அது நின்றதும் முதல் மழை விழுந்தது.

மேற்கு மலை மழையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெம்பில்லை. அது பாட்டுக்குப் பெய்யும். நிற்கும் என்று நினைத்தால் நிற்காது. உலகி சருகு மேட்டின்மேல் ஏறிச் சுற்றிப் படுத்துக்கொண்டாள். மேலே விழுந்த தண்ணீர் அவள் முதுகில் ஓடி வெளியே வழிந்தது. உள்ளே முட்டைகள் காய்ந்தே கிடந்தன. பசி இப்போது வயிற்றில் இல்லை. உடம்பு முழுவதும் பரவி, தலைப் பாரமாகவும் கண் மங்கலாகவும் மாறிவிட்டது.

கண் மங்கியது பசியால் மட்டும் இல்லை, சட்டை கழலுகிற சமயமும் வந்துவிட்டது. அவள் மூங்கில் வேரில் மூக்கை உரசினாள். உரசிவிட்டு நிமிர்ந்து எதிரே பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது, வேறு யாரும் இல்லை. மறுபடி மெதுவாக உரசினாள். எவ்வளவு மெதுவாக உரச முடியுமோ அவ்வளவு மெதுவாக. தாமதப்படுத்தினால் வந்துவிடுவான் என்று ஒரு ஆசை. ஆனால் சட்டைக்கு ஆசை தெரியுமா? அது பாட்டுக்கு உரிந்துகொண்டு போனது. கடைசியில் குட்டை வாலின் முனை இளகியது. அங்கே சில்லென்று குளிர்ந்தது. அவள் காத்திருந்தாள். பிறகு அது இறுகியது. அவ்வளவுதான். உலகிக்கு அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

உடும்பு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கிழட்டு உடும்பு, பெரிய மரியாதைக்காரன். தூரத்தில் ஒரு கல்மேல் வந்து உட்கார்ந்துகொண்டு நாக்கை நீட்டி நீட்டிப் பார்க்கும்.

"என்ன உலகி, சௌக்கியமா?"

உலகி எழும்பிப் படம் விரித்தாள்.

"ஏம்மா கோவப்படுத? சும்மா வெயில் காயலாம்னு வந்தேன்."

"மழையில வெயில் காய வந்தீராக்கும்."

"சரி, சரி, போறேன்," என்று நாலடி தள்ளிப் போய் உட்காரும். அது போகாது என்று அவளுக்குத் தெரியும். அவள் எவ்வளவு நேரம் எழும்பி நிற்க முடியும் என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவள் எழும்புகிற உயரம் கொஞ்சம் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் அது உட்காருகிற கல் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

ஒரு சாயங்காலம் மழை சற்று வெறித்தது. சருகுக்குள் ஏதோ அசைந்தது.

உலகி முகத்தைச் சருகுக்குள் நுழைத்து நாக்கால் தொட்டுப் பார்த்தாள். முட்டைக்குள் குஞ்சுகள் நெளிந்தன. இன்றோ நாளையோ திறந்துவிடும். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். பெற்றவளுக்கு அந்தச் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சேர்ந்து ஒரு வாசனையும் நாக்கில் ஏறியது. பாம்பு வாசனை. சின்ன, இளசான பாம்புகளின் வாசனை.

அவளுக்கு வாய் ஊறியது.

வெடுக்கென்று தலையை வெளியே இழுத்துக்கொண்டாள். சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தாள், ஒருவேளை தப்பாகத் தோன்றியிருக்குமோ என்று. தப்பு இல்லை. வாய் ஊறத்தான் செய்தது. முட்டைகளுக்காகத்தான் இத்தனை நாள் பட்டினி கிடந்தாள். அந்தப் பட்டினியே இப்போது முட்டைகளைத் தின்னக் கேட்டது. அவளுக்கு மாத்தன்மேல் வந்த கோபத்தைவிடத் தன் வயிற்றின்மேல் வந்த பயம் பெரிதாக இருந்தது.

இருந்தால் அவளே தின்றுவிடுவாள். போனால் உடும்பு தின்றுவிடும்.

வெகுநேரம் யோசித்தாள் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கிற நிலைமையில் அவள் இல்லை. கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தாள். வால் இல்லை, புருஷன் இல்லை, தெம்பு இல்லை. விஷம் இருந்தது. வேட்டையே ஆடாததால் பை நிறையச் சேர்ந்து கிடந்தது. பிறந்த பிறகு கொடுக்கிறதை இப்போதே கொடுத்தால் என்ன? ஓடு தோல்தானே, ஊறி உள்ளே போகாதா? இப்படி ஒருத்தரும் செய்ததில்லை. செய்யக்கூடாது என்றும் ஒருத்தரும் சொன்னதில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாசனையை இழுக்காமல், முதல் முட்டைமேல் பல்லை லேசாக வைத்தாள். குத்தவில்லை. ஒரு சொட்டு விட்டாள். அது ஓட்டில் பரவி, மெல்ல மெல்ல ஊறி, காணாமல் போனது. உள்ளே நெளிவு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. நெளிவில் தலை இருக்கிற பக்கமும் வால் இருக்கிற பக்கமும் அவளுக்குத் தெரிந்தன. வால் குட்டையாக இருந்தது.

அடுத்த முட்டையைத் தொட்டாள். அதில் வால் நீளமாக இருந்தது.

அடுத்தது குட்டை. அதற்கடுத்தது நீளம், நீளம், குட்டை.

அவளுக்குப் புரிந்தது. அவள் வால் இறுகினது அவளோடு நிற்கவில்லை. தாயிடம் இல்லாதது மகளுக்கும் இல்லாமல் போய்விட்டது. தகப்பன் திருப்பிக் கொடுக்காதது மகன்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை, அதற்குள் பங்கு பிரித்தாகிவிட்டது.

அத்தனை நாள் வராத ஆத்திரம் அப்போதுதான் வந்தது. "அப்படியா சேதி?" என்றாள். "வால் உங்களுக்கு. அப்ப விஷம் என் பொண்ணுகளுக்கு." நீள வால் முட்டைகளை ஒதுக்கினாள். குட்டை வால் முட்டைகளைத் தேடித் தேடிப் பல்லை வைத்தாள். ஒரு நீள வால் முட்டை பக்கத்தில் உருண்டு வந்து அவள் தாடையில் முட்டியது. மூக்கால் தள்ளிவிட்டாள். தள்ளினது சருகை விட்டு வெளியே உருண்டு, ஈர மண்ணில் போய் நின்றது.

கல்மேல் இருந்த உடும்பு கழுத்தை நீட்டியது. அதன் கண் அந்த முட்டையிலேயே நின்றது. நாக்கால் வாயை ஒரு தடவை நக்கிக்கொண்டது.

அதைப் பார்த்ததும் உலகியின் ஆத்திரம் அப்படியே வடிந்துவிட்டது. உடும்பு என்ன, ஆணா பெண்ணா என்று கேட்டா தின்னப்போகிறது என்று தோன்றியது. வாலை இவனா கேட்டு வாங்கினான்? முட்டைக்குள் கிடக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்? உடம்பை நீட்டி அந்த முட்டையை வளைத்து இழுத்தாள். சருகுக்குள் வைத்தாள். பல்லை வைத்து, மற்றவற்றுக்குக் கொடுத்த அதே அளவு விட்டாள். பிறகு ஒதுக்கி வைத்த எல்லாவற்றுக்கும் கொடுத்தாள். கூட இல்லை, குறைய இல்லை. கடைசி முட்டைக்கு வந்தபோது பை வற்றிப்போய், அண்ணமே வலித்தது. அழுத்தி அழுத்தி அந்தக் கடைசிச் சொட்டையும் இறக்கினாள்.

மேட்டை ஒரு தடவை சரிசெய்தாள். மேலே சருகு போட்டு அணைத்துவிட்டாள். பிறகு இறங்கினாள். காலியான வயிறு, காலியான பல், குட்டை வால்.

உடும்பின் கல்லைத் தாண்டும்போது அது மரியாதையாக ஒதுங்கி நின்றது. "போறியாம்மா?"

"ஆமா, போறேன். இனி உம்ம பாடு."

அவள் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சருகு கலைகிற சத்தம் கேட்டது. அவள் அப்படியே நின்றாள். அடுத்த நிமிஷம் ஒரு சீறல் கேட்டது. சின்னச் சீறல், ஆனால் சரியான சீறல். அதன் கூடவே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. உடும்பு புதரை முறித்துக்கொண்டு ஓடுகிற சத்தமும் கேட்டது. பிறந்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும். திரும்பவில்லை. திரும்பினால் ஆசையோடு பசியும் திரும்பும்.

ஆற்றங்கரைக்கு வந்தாள். பாறை மேல் மாத்தன் இன்னொருத்தனோடு பின்னிக் கிடந்தான். இப்போது எதிராளி வேறு யாரோ. இரண்டு நீள வால்களும் கயிறு முறுக்கின மாதிரி சுற்றிக் கிடந்தன. அவளைக் கண்டதும் மாத்தன் பிடியை விட்டான். எதிராளி நழுவித் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டான்.

"ஏட்டி உலகி! நானே கிளம்பணும்னுதான் இருந்தேன். இவன் ஒருத்தன் வந்து..." என்றவன் அவளை நன்றாகப் பார்த்தான். எலும்பு தெரிந்தது. அவசர அவசரமாகத் தன் வாலைப் பாறையில் உரசினான், கழற்றிக் கொடுக்க. அது வரவில்லை. வாயால் கவ்வி இழுத்தான், அப்போதும் வரவில்லை.

"விடும்," என்றாள் உலகி. "ஒட்டிப் போச்சு. நீரே வச்சுக்கிடும்."

"பிள்ளைக?"

"பொறந்தாச்சு. சீறுனது கேட்டுச்சு."

மாத்தனின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது அவளால் அவன்மேல் கோபப்பட முடியவில்லை, அவ்வளவு களைத்துப் போயிருந்தாள். "நான் போயிப் பாத்துட்டு வந்துரட்டா?" என்றான். "இப்பவே போறேன். இந்த வாலுக்கு ஒரு எட்டுதான்."

உலகி கேட்டாள்: "சாப்பிட்டீரா?"

அவன் பாறையைப் பார்த்தான். போனதிலிருந்து அவன் ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை.

"அப்ப நீரும் போவாதேயும்," என்றாள்.

அவ்வளவுதான் அவர்கள் பேசினது. அவள் ஆற்றின் மேல்பக்கமாகப் போனாள். அவன் வெகுநேரம் பாறையிலேயே கிடந்தான். பிறகு கீழ்ப்பக்கமாகப் போனான். விஷம் மறுபடி ஊறுகிற வரைக்கும் உலகி இன்னும் பல நாள் பட்டினிதான் கிடந்தாள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விஷப்பாம்பில் ஆணுக்கு வால் நீண்டும் பெண்ணுக்குக் குறுகியும் இருப்பதும், விஷம் மட்டும் மகனுக்கும் மகளுக்கும் முட்டைக்குள்ளேயே ஒரே அளவாக வந்துவிடுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். சருகுக் கூட்டில் அத்தனை நாள் காத்துக் கிடக்கிற ராஜநாகத்தாள், முட்டை திறக்கப் போகிற நேரத்தில், ஒரு பிள்ளையின் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போய்விடுவதும் அன்று முதல்தான்.